நான் தொட்டாலே ஃபைல் கெடுகிறதா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் டேட்டா என்ட்ரி பார்க்கிறேன். ஆர்டர், பேக்கிங் லிஸ்ட், டெலிவரி சலான் எல்லாமே மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் ஒரே ஃபைலில்தான். அந்த ஃபைல் 'சர்வர்' என்று நாங்கள் சொல்லும் சிஸ்டத்தில், ஷேர் பண்ணிய ஃபோல்டரில் இருக்கிறது. ஆறு பேர் அவரவர் சிஸ்டத்திலிருந்து திறந்து வேலை பார்க்கிறோம். மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை 'இன்கன்சிஸ்டன்ட் ஸ்டேட்' என்று ஏதோ மெசேஜ் வந்து எல்லோருக்கும் வேலை நின்றுவிடுகிறது. பெரும்பாலும் நான் என்ட்ரி போடும்போதே நடப்பதால், 'நீ தொட்டாலே ஃபைல் போயிடுது' என்று எல்லோர் எதிரிலும் சொல்கிறார்கள். உண்மையிலேயே நான் எதையாவது தப்பாக அழுத்துகிறேனா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: இல்லை. நீங்கள் எந்தக் கீயை அழுத்தினாலும், பத்து டஜனை நூறு டஜன் என்று அடித்தாலும், தேதி போடும் இடத்தில் பார்ட்டி பெயரைப் போட்டாலும் ஆக்சஸ் ஃபைல் கரப்ட் ஆகாது. தப்பான என்ட்ரி வேறு, ஃபைல் கெடுவது வேறு. ஆறு பேரில் நாள் முழுக்க எழுதுகிறவர் நீங்கள், மற்றவர்கள் அநேகமாகத் திறந்து பார்க்கிறார்கள், பிரிண்ட் எடுக்கிறார்கள். ஃபைல் கெடுவது எழுதும் நேரத்தில்தான் என்பதால், அதிகம் எழுதுகிறவர் கையில்தான் அது அதிகம் கெடும். ஒழுங்காக வேலை பார்க்கிறவர் தலையில் பழி விழுவதை நான் பல ஆபீஸ்களில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் உங்கள் கடிதத்தை முதலில் எடுத்துக்கொண்டேன்.

சரி, ஏன் கெடுகிறது? நீங்கள் 'சர்வர்' என்று சொல்லும் அந்த சிஸ்டம் இந்த விஷயத்தில் ஒரு பீரோ மட்டும்தான். ஃபைல் அதற்குள் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஃபைலுக்குள் எழுதுவது அது இல்லை. பேங்கில் நீங்கள் சலானை நிரப்பிக் கொடுக்கிறீர்கள், கவுன்ட்டரில் இருக்கிறவர் வாங்கிக் கணக்கில் ஏற்றுகிறார், கணக்குப் புத்தகத்தை நீங்கள் தொடுவதே இல்லை. எஸ்க்யூஎல் சர்வர், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் போன்ற பெரிய டேட்டாபேஸ்கள் எல்லாம் அந்த மாதிரி. ஆக்சஸில் கவுன்ட்டரே கிடையாது. கணக்குப் புத்தகம் மேஜைமேல் விரித்துக் கிடக்கிறது, ஆறு பேரும் அவரவர் பேனாவோடு வந்து நேராக அதிலேயே எழுதுகிறீர்கள். எழுதுகிற கை உங்கள் சிஸ்டத்துக்குள் இருக்கிறது, பேப்பர் அடுத்த அறையில் இருக்கிறது, நடுவில் இருப்பது ஒரு கேபிள்.

நீங்கள் ஒரு வரி என்ட்ரி போட்டு சேவ் பண்ணினால் ஃபைலில் ஒரே இடத்தில் எழுதப்படுகிறது என்று நினைப்போம். அப்படி இல்லை. ஆக்சஸ் 2000-லிருந்து அந்த ஃபைல் 4 கேபி அளவுள்ள பக்கம் பக்கமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பேக்கிங் லிஸ்ட் வரி ஒரு பக்கத்தில் போய் உட்காரும், அந்த வரியைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் இண்டெக்ஸ் வேறொரு பக்கத்தில், பார்ட்டி நம்பருக்கு இன்னொரு இண்டெக்ஸ் இருந்தால் அது மூன்றாவது பக்கத்தில், 'ரிமார்க்ஸ்' என்று நீளமாக எழுதுவதற்கு ஒரு கட்டம் வைத்திருந்தால் அதன் எழுத்துகள் தனியாக நாலாவது பக்கத்தில். இவ்வளவும் உங்கள் சிஸ்டத்திலிருந்து கேபிள் வழியாக ஒன்றன்பின் ஒன்றாகப் போக வேண்டும். இரண்டு பக்கம் போய்ச் சேர்ந்து, மூன்றாவது போவதற்குள் தொடர்பு அறுந்தால்? இண்டெக்ஸ் ஒன்று சொல்லும், வரிகள் இருக்கிற டேபிள் வேறொன்று சொல்லும். அதுதான் கரப்ட்.

பெரிய டேட்டாபேஸ்களில் இதற்கு ஒரு காப்பு இருக்கிறது. எதை மாற்றப்போகிறோம் என்பதை முதலில் 'லாக்' (log) என்ற ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் உண்மையான இடத்தில் எழுதும். நடுவில் கரண்ட் போனாலும் திரும்ப வந்ததும் அந்த லாகைப் பார்த்து, பாதியில் நின்றதை முடிக்கும் அல்லது அழித்துவிடும். ஆக்சஸில் அப்படி ஒரு லாக் இல்லை. அது செய்வதெல்லாம், எழுதத் தொடங்கும்போது ஃபைலின் முதல் பக்கத்தில் உங்கள் கணக்கில் ஒரு குறி போடுவது, முடித்ததும் அதை மாற்றுவது. குறி அப்படியே இருக்கிறது, போட்ட ஆளைக் காணோம் என்றால் அடுத்து திறக்கிறவரிடம் 'இந்த ஃபைல் சந்தேகத்துக்குரியது, ரிப்பேர் பண்ணாமல் திறக்க மாட்டேன்' என்கிறது. நீங்கள் பார்க்கும் அந்த மெசேஜ் இதுதான்.

இனி தொடர்பு ஏன் அறுகிறது என்று தேட வேண்டும். என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன், உங்கள் ஆபீஸிலும் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஈரோடு பக்கம் ஒரு மண்டி ஆபீஸில் இதே கதை, ஐந்து சிஸ்டம், வாரம் ஒருமுறை ஃபைல் கெடும். 'எங்களிடம் யுபிஎஸ் இருக்கிறது, ஜெனரேட்டர் இருக்கிறது, கரண்ட் பிரச்சினையே இல்லை' என்று சத்தியம் பண்ணினார்கள். நான் ஒரு நாள் காலையிலிருந்து சும்மா உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணிக்கு மேல் கரண்ட் போனது. டியூப் லைட் அணைந்தது, யுபிஎஸ் பீப் என்றது, ஐந்து ஸ்கிரீனும் அப்படியே எரிந்தன, பில் போட்டுக்கொண்டிருந்த பையன் தலையைக்கூடத் தூக்காமல் அடித்துக்கொண்டே இருந்தான். நான் தற்செயலாக மேலே பார்த்தேன். சாமி படத்துக்குப் பக்கத்தில், பலகைமேல் நெட்வொர்க் சுவிட்ச் ஒன்று இருந்தது, உள்ளங்கை அகலம்தான், அதில் வரிசையாக மினுக்கிக்கொண்டிருந்த பச்சை விளக்குகள் ஒன்றுகூட இல்லை. ஜெனரேட்டர் பிடிக்கப் பத்து விநாடி ஆனது, விளக்குகள் மறுபடி வந்தன. அதற்குள் பையன் சேவ் அழுத்திவிட்டான், நெட்வொர்க் தொடர்பு அறுந்தது என்று மெசேஜ் வந்துவிட்டது. சிஸ்டம் எல்லாம் யுபிஎஸ்ஸில், அவற்றை இணைக்கிற சுவிட்ச் மட்டும் சுவரில் இருந்த சாதாரண பிளக்கில்! வாங்கிய நாளிலிருந்து யாரும் கவனிக்கவில்லை. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி அந்த சுவிட்சை யுபிஎஸ்ஸுக்கு மாற்றினோம், அப்புறம் வாரா வாரம் வந்த தொல்லை நின்றது.

இன்றைக்கே உங்கள் சுவிட்ச் எதில் செருகியிருக்கிறது என்று பாருங்கள். அடுத்து, ஆறு பேரில் யாராவது லேப்டாப்பில் வைஃபை வழியாக இந்த ஃபைலைத் திறக்கிறார்களா என்று பாருங்கள். வைஃபை ஒரு விநாடி விட்டுவிட்டுப் பிடித்தால் யூட்யூப் பார்க்கிறவருக்குத் தெரியவே தெரியாது, ஆக்சஸ் ஃபைலுக்கு அந்த ஒரு விநாடி போதும். சாப்பிடப் போகும்போது என்ட்ரி ஃபார்மைத் திறந்தபடியே விட்டு மூடியைச் சாத்திவிட்டுப் போகிறவர் இருந்தால் அது இன்னும் மோசம், மூடியதும் லேப்டாப் தூங்கிவிடும், குறி அப்படியே நிற்கும். டெஸ்க்டாப்பிலும் ஸ்லீப்பை நிறுத்தி வையுங்கள். நெட்வொர்க் கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் 'மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம்' என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும், அதையும் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, ஃபைலைப் பிரிப்பது. டேபிள்கள் மட்டும் ஒரு ஃபைலாக சர்வரில் இருக்க வேண்டும், ஃபார்ம், ரிப்போர்ட், குவெரி (டேபிளிலிருந்து வேண்டியதைத் தேடி எடுக்கும் கட்டளை) எல்லாம் வேறொரு ஃபைலாக ஆறு சிஸ்டத்திலும் ஆளுக்கொரு காப்பி இருக்க வேண்டும். ஆக்சஸிலேயே 'டேட்டாபேஸ் ஸ்ப்ளிட்டர்' என்று இதற்கு வழி இருக்கிறது, அரை மணி நேர வேலை. இப்போது நீங்கள் ஆறு பேரும் ஒரே ஃபைலுக்குள் ஃபார்மையும் சேர்த்துத் திறக்கிறீர்கள், கெடுவதற்கு இடமும் கூடுகிறது, கேபிளில் போகிற சுமையும் கூடுகிறது. பிரித்த பிறகு ஒருவருடைய ஃபார்ம் ஃபைல் கெட்டால் அவருடையது மட்டும்தான் கெடும், வேறொரு காப்பி எடுத்துக் கொடுத்துவிடலாம்.

இந்தப் பக்கத்தை உங்கள் மேனேஜரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஃபைல் கெட்டபோது யார் உள்ளே இருந்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: ஓரளவுக்கு முடியும். ஃபைலைத் திறந்ததும் பக்கத்திலேயே அதே பெயரில் சின்னதாக இன்னொரு ஃபைல் வரும். பழைய எம்டிபி ஃபைலாக இருந்தால் அதன் வால் எல்டிபி, ஆக்சஸ் 2007-இல் வந்த ஏசிசிடிபி என்றால் எல்ஏசிசிடிபி. இதுதான் லாக் ஃபைல், இந்த 'லாக்' (lock) பூட்டு, முதல் பதிலில் சொன்ன குறிப்பேடு இல்லை. இதைக் காப்பி பண்ணி, காப்பியை நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு சிஸ்டத்தின் பெயரும் பக்கத்தில் 'அட்மின்' என்ற சொல்லும் தெரியும். ஒரு ஆளுக்கு 64 பைட், அதில் பாதி சிஸ்டம் பெயருக்கு, பாதி யூசர் பெயருக்கு.

ஆனால் அதில் பெயர் இருக்கிறவர் எல்லாம் அந்த நேரத்தில் உள்ளே இருந்தவர் என்று அர்த்தம் இல்லை. ஒருவர் ஒழுங்காக மூடிவிட்டுப் போனாலும் அவர் பெயர் அதில் அப்படியே இருக்கும். கடைசி ஆளும் வெளியே வந்த பிறகுதான் லாக் ஃபைல் தானாக அழியும். அதனால் இதை வைத்து ஒருவரைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். இந்த ஃபைலால் வேறு ஒரு நல்ல உபயோகம் உண்டு. எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் அது அங்கேயே இருந்தால், எங்கோ ஒரு சிஸ்டம் மூடப்படாமல் இருக்கிறது, அல்லது ஏதோ ஒன்று பாதியில் நின்றிருக்கிறது.

இன்னொன்று, அந்த ஃபோல்டரில் எல்லோருக்கும் எழுதவும் புது ஃபைல் உண்டாக்கவும் அழிக்கவும் அனுமதி இருக்க வேண்டும். பாதுகாப்பு என்று நினைத்து 'அழிக்கும்' அனுமதியை மட்டும் எடுத்துவிடுகிறார்கள், லாக் ஃபைல் அழியாமல் அப்படியே தங்கிப்போகிறது.

கேள்வி: எங்கள் பள்ளி அலுவலக ஃபைலில் ஒரு மாணவருடைய முகவரி இருந்த இடத்தில் திடீரென்று சீன எழுத்துகள் வந்திருக்கின்றன. யாராவது ஹேக் செய்துவிட்டார்களா? வைரஸா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: பயப்பட வேண்டாம், எந்தச் சீனரும் உங்கள் ஃபைலுக்குள் வரவில்லை. ஃபைல் கெட்டதற்கு இது ஒரு அடையாளம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் என்று சேமித்து வைத்ததை, ஒரு எழுத்துக்கு இரண்டு பைட் என்று தப்பாகப் படித்தால், இரண்டு ஆங்கில எழுத்துகள் ஒட்டி ஒரே எழுத்தாகத் தெரியும். எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் தருகிற யூனிகோடு பட்டியலில் அந்த எண்கள் போய் விழும் இடம் சீன எழுத்துகள் இருக்கிற இடம். அவ்வளவுதான்.

ஆனால் சும்மா விடவும் கூடாது. அந்த வரியைத் திருத்தப் பார்க்காதீர்கள், அதன்மேல் கர்சரைக்கூடக் கொண்டுபோகாதீர்கள். எல்லோரையும் வெளியே வரச் சொல்லி, கெட்ட ஃபைலை அப்படியே ஒரு காப்பி எடுத்துத் தனியாக வையுங்கள். இதை யாரும் செய்வதில்லை, பதற்றத்தில் நேராக ரிப்பேரை அழுத்துகிறார்கள், ரிப்பேர் தனக்குப் புரியாத வரியைத் தூக்கி எறிந்துவிட்டால் பிறகு கேட்க ஆள் இல்லை. காப்பி எடுத்த பிறகு 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' ஓட்டுங்கள். ஓட்டியதும் 'எம்சிஸ்காம்பாக்ட்எர்ரர்' என்று ஒரு டேபிள் புதிதாக வந்திருக்கிறதா பாருங்கள், எதை மீட்க முடியவில்லை என்று அதில் குறித்திருக்கும். அதற்கும் சரியாகவில்லை என்றால் ஒரு வெற்று டேட்டாபேஸ் உண்டாக்கி, அதே அமைப்பில் டேபிள் போட்டு, கெட்ட வரிக்கு முன்னால் உள்ளதை ஒரு குவெரியிலும் பின்னால் உள்ளதை இன்னொரு குவெரியிலும் எடுத்து அதற்குள் சேர்க்கலாம். அந்த ஒரு மாணவருடைய விவரத்தை மட்டும் அட்மிஷன் ரிஜிஸ்டரைப் பார்த்துக் கையால் அடித்துவிடலாம்.

கேள்வி: தினமும் பென் டிரைவில் பேக்கப் எடுக்கிறோம். போன மாதம் ஃபைல் கெட்டபோது பேக்கப்பைத் திறந்தால் அதுவும் கெட்டிருந்தது! எப்படி?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனது கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் நீங்கள் அக்கறையோடுதான் செய்திருக்கிறீர்கள். இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். தினமும் அதே பெயரில், பழையதன்மேல் எழுதினீர்களா? அப்படியென்றால் ஃபைல் திங்கட்கிழமையே கெட்டிருந்து, நீங்கள் வியாழக்கிழமை கவனித்திருந்தால், நடுவில் மூன்று நாளும் கெட்ட ஃபைலை எடுத்து நல்லதன்மேல் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எல்லா வரியும் ஒரே நாளில் கண்ணில் படாது, எங்கோ ஒரு பழைய பார்ட்டி கணக்கில் கெட்ட பக்கம் ஒளிந்திருக்கும்.

அல்லது, மற்றவர்கள் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே காப்பி எடுத்தீர்களா? பெரிய ஃபைல் பென் டிரைவுக்குப் போக நிமிடக்கணக்கில் ஆகும். ஆரம்பத்தில் உள்ள பக்கங்கள் ஐந்தரை மணி நிலையில், கடைசிப் பக்கங்கள் ஐந்து முப்பத்தைந்து நிலையில் இருக்கும். மூல ஃபைல் நன்றாக இருந்தாலும் இந்தக் காப்பி ஒன்றோடொன்று பொருந்தாது.

லாக் ஃபைல் மறைந்த பிறகு காப்பி எடுங்கள், பெயரில் தேதி போடுங்கள், குறைந்தது இரண்டு வாரத்து ஃபைல்களை வைத்திருங்கள். பென் டிரைவை மட்டும் நம்பாமல் வேறொரு ஹார்ட் டிஸ்கிலும் ஒன்று இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு பேக்கப்பை வேறொரு சிஸ்டத்தில் திறந்து, ஒரு ரிப்போர்ட் எடுத்துப் பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: கூகுள் டிரைவ் ஃபோல்டரில் வைத்துவிட்டால் வீட்டிலிருந்தும் வேலை பார்க்கலாமே, பேக்கப்பும் ஆச்சே?
– ஒரு வாசகர், கோவை

பதில்: கூடவே கூடாது. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் மூன்றுக்கும் சேர்த்தே சொல்கிறேன். அவை ஒவ்வொரு சிஸ்டத்திலும் ஒரு முழு காப்பியை வைத்து, மாறியதும் மேலே அனுப்புகின்றன. நீங்கள் வீட்டில் திறப்பது ஒரு காப்பி, ஆபீஸில் இன்னொருவர் திறப்பது வேறு காப்பி. ஒருவர் பூட்டியது மற்றவருக்குத் தெரியாது. கடைசியில் ஒருவர் எழுதியது மட்டும் நிற்கும், அல்லது இரண்டு ஃபைல்கள் வந்து நிற்கும், இரண்டையும் சேர்க்க வழியில்லை. வேலை முடிந்து மூடிய ஃபைலின் தேதி போட்ட காப்பியை அங்கே கொண்டுபோய் வைப்பதற்கு மட்டும் அவை நன்றாக உதவும்.

கேள்வி: கேபிள், யுபிஎஸ், ஸ்ப்ளிட் எல்லாம் செய்துவிட்டோம். இன்னும் 'இன்கன்சிஸ்டன்ட் ஸ்டேட்' வருகிறது. விண்டோஸ் மேல் தப்பு என்கிறார் சர்வீஸ் என்ஜினியர். சாக்குச் சொல்கிறாரா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: சாக்கு இல்லை, அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2018-இல் விண்டோஸ் 10-க்கு 1803 என்ற அப்டேட் வந்த பிறகு, எல்லாம் சரியாக வைத்திருந்த ஆபீஸ்களிலும் இந்த மெசேஜ் வர ஆரம்பித்தது. ஷேர் ஃபோல்டரில் இருக்கும் ஃபைலின் ஒரு பகுதியை உங்கள் சிஸ்டம் தன் மெமரியிலேயே கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ள ஃபைல் இருக்கும் சிஸ்டம் அனுமதி தருகிறது, அதற்கு 'லீஸ்' என்று பெயர். வேர்டு ஃபைலுக்கு அது நல்லது, வேகம் கிடைக்கும். ஆறு பேர் ஒரே நேரத்தில் எழுதுகிற ஃபைலுக்கு அது ஆபத்து. ஃபைல் இருக்கும் சிஸ்டத்தின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் செட்டிங்குகளை வைத்திருக்கும் இடம்), லேன்மேன்சர்வர் பகுதியில் 'டிசேபிள்லீசிங்' என்பதை 1 என்று வைக்கும்படி மைக்ரோசாஃப்ட்டே அப்போது வழி சொன்னது. உங்கள் என்ஜினியருக்கு இந்தப் பெயரைச் சொன்னால் போதும், ரெஜிஸ்ட்ரியில் நீங்களாகக் கை வைக்க வேண்டாம். மற்ற ஷேர் ஃபைல்கள் கொஞ்சம் மெதுவாகத் திறக்கலாம், பரவாயில்லை.

கேள்வி: எங்கள் ஃபைல் 1.8 ஜிபி ஆகிவிட்டது. பதினைந்து பேர் வேலை பார்க்கிறோம். ஆக்சஸை விட்டுவிட வேண்டுமா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: டேபிள்களை மட்டும் மாற்றுங்கள், ஃபார்ம்களை விட வேண்டியதில்லை. ஆக்சஸ் ஃபைலுக்கு 2 ஜிபி என்பது கடைசி எல்லை, அதைத் தொட்டதும் எழுத முடியாமல் போகும், நீங்கள் அதன் வாசலில் நிற்கிறீர்கள். அழித்த வரிகளின் இடம் காம்பாக்ட் பண்ணும்வரை காலியாகாது, அதனால் முதலில் ஒரு காப்பி எடுத்துவிட்டு, ஃபைல் இருக்கிற சிஸ்டத்திலேயே உட்கார்ந்து காம்பாக்ட் ஓட்டிப் பாருங்கள், அளவு பாதியாகக் குறைந்தாலும் ஆச்சரியமில்லை. நெட்வொர்க் வழியாக வேறொரு சிஸ்டத்திலிருந்து ஓட்டாதீர்கள், முழு ஃபைலும் கேபிளில் போய்வர வேண்டியிருக்கும். டேபிளுக்குள் போட்டோவோ ஸ்கேன் காப்பியோ ஒட்டி வைத்திருந்தால் அவற்றை வெளியே ஒரு ஃபோல்டரில் போட்டு, டேபிளில் பாதையை மட்டும் வையுங்கள்.

255 பேர்வரை ஒரே நேரத்தில் திறக்கலாம் என்று ஆக்சஸின் கணக்கில் இருக்கிறது. அது திறக்கிற கணக்கு. பதினைந்து பேர் நாள் முழுக்க எழுதுகிற ஆபீஸுக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் இலவசம், 2022 பதிப்புவரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி இடம் தருகிறது. டேபிள்களை அதற்கு மாற்றி, இப்போதுள்ள ஆக்சஸ் ஃபார்ம்களை ஓடிபிசி என்ற டேட்டாபேஸ் இணைப்பு வழியாக அதோடு இணைத்தால் உங்கள் ஆட்கள் பார்க்கிற ஸ்கிரீன் மாறாது, புதிதாகக் கற்றுக்கொள்ளவும் எதுவும் இல்லை. சில குவெரிகள் முதலில் மெதுவாக ஓடும், அவற்றைத் திருத்த வேண்டியிருக்கும், அதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். மார்ச் மாதக் கணக்கு முடிக்கிற நேரத்தில் மட்டும் இதைத் தொடங்காதீர்கள்.